ஒரு கோலால் கிடைத்த வெற்றிமுடி

விளையாட்டில் வெற்றியை அளக்கும் கோல்கள் பல. ஆட்டங்களை எண்ணலாம், புள்ளிகளைக் கூட்டலாம், கோல்களைக் கணக்கிடலாம். ஆனால் இவை யாவும் நேர்மையான கடிகாரம் ஒன்றை நம்பியே நிற்கின்றன. அந்தக் கடிகாரத்தின் மீதே ஐயம் எழுந்தால் என்ன நிகழும் என்பதற்குப் போர்த்துக்கல் நாட்டின் 1958–59 ஆம் ஆண்டு உதைபந்தாட்டப் பருவம் சிறந்த சான்றாகும்.

போர்த்துக்கலின் உதைபந்தாட்ட வரலாறு பெரும்பாலும் இரண்டு நகரங்களின் போட்டி வரலாறே. தேஜு நதியின் முகத்துவாரத்திலே தலைநகரான லிஸ்பன். வடக்கே டோரு நதிக்கரையில், திராட்சை மதுவுக்குப் பேர்பெற்ற வணிகத் துறைமுகமான போர்த்தோ. லிஸ்பனின் பெருங்கழகங்கள் பென்பிக்காவும் ஸ்போர்ட்டிங்கும். வடபுலத்தின் பெருமையைத் தாங்கி நின்றது போர்த்தோக் கழகம். சலாசாரின் ஆட்சியில் அதிகாரம் யாவும் லிஸ்பனிலே குவிந்திருந்த அக்காலத்தில், வடநாட்டு மக்களுக்கு உதைபந்தாட்ட மைதானம் தம் மனக்குறையை வெளியிடும் இடமாகவும் அமைந்தது.

அப்பருவத்திற் பதினான்கு கழகங்கள் மோதின. ஒவ்வொரு கழகத்துக்கும் 26 ஆட்டங்கள். வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமநிலைக்கு ஒன்று. பருவம் தொடங்கிய பின்னரே போர்த்தோக் கழகத்தின் பயிற்றுநர் பொறுப்பை ஏற்றார் பேலா குட்மன். புடாபெஸ்ட் நகரிற் பிறந்த ஹங்கேரிய யூதரான இவர், ஐரோப்பாவிலும் தென்னமெரிக்காவிலும் பல நாடுகளிற் பயிற்சியளித்துப் பழுத்த அனுபவம் பெற்றவர். பிரேசிலின் சாவோ பவுலோக் கழகத்துக்கு 1957 இல் மாநில வெற்றியைத் தேடித் தந்தவரும் இவரே.

கடைசி ஆட்ட நாள் 1959 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22 ஆந் தேதி. அன்று போர்த்தோவும் பென்பிக்காவும் புள்ளிகளிற் சமமாக நின்றன. அவ்விரு கழகங்களும் தமக்குள் ஆடிய இரண்டு ஆட்டங்களும் சமநிலையிலே முடிந்திருந்தன. ஆகவே, இருவரும் வெல்வாராயின், அடித்த கோல்களுக்கும் வாங்கிய கோல்களுக்கும் இடையிலான வித்தியாசமே முடிவைத் தீர்மானிக்கும். அக்கணக்கில் போர்த்தோ 56, பென்பிக்கா 52. நான்கு கோல்களே இடைவெளி.

பென்பிக்கா தன் சொந்த மைதானமாகிய லூஸ் அரங்கில், பரைரோ என்னும் தொழில் நகரைச் சேர்ந்த கூப் கழகத்தை எதிர்கொண்டது. போர்த்தோவோ டோரஸ் வேட்ராஸ் என்னும் ஊருக்குச் சென்று டொரியன்ஸ் கழகத்துடன் ஆடியது. 1810 இல் நெப்போலியனின் படையைத் தடுத்து நிறுத்திய அரண் வரிசைகளாற் புகழ்பெற்ற ஊர் அது.

இரு ஆட்டங்களும் ஒரே வேளையில் தொடங்கியிருத்தல் வேண்டும். ஆயின் லிஸ்பனில் ஆட்டம் சில நிமிடங்கள் பிந்தியே தொடங்கிற்று. மத்தியஸ்தராகக் கடமையாற்றியவர் இனோசென்சியோ கலபோட். அவர் பென்பிக்காவுக்கு மூன்று தண்ட உதைகளை வழங்கினார், கோல்கள் குவிந்தன. மறுபுறம் போர்த்தோவின் மூன்றாவது கோலை, ஆட்டம் முடியுந் தறுவாயிலே டெஷெய்ரா அடித்தார். 3–0 என்ற கணக்கில் அங்கே ஆட்டம் முடிந்தது. ஆனால் லிஸ்பனில் ஆட்டம் இன்னும் முடியவில்லை!

போர்த்தோ வீரர்கள் மைதானத்தை விட்டு அகலவில்லை. வெற்றியைக் கொண்டாடவும் இயலாது, தோல்வியென்று தலைகுனியவும் இயலாது, வானொலிச் செய்திக்காக அவர்களும் இரசிகர்களும் காத்து நின்றனர். மற்றொரு நகரில், தாம் காணவியலாத ஓர் ஆட்டத்தில், இன்னும் ஒரு கோல் விழுந்தால் ஓராண்டு உழைப்பின் பயன் கைநழுவிவிடும் நிலை. நிமிடங்கள் கடந்தன. இறுதியில் வந்தது செய்தி: பென்பிக்கா 7, கூப் 1.

முடிவுக் கணக்கு இதுதான். இரு கழகங்களும் 17 வெற்றி, 7 சமநிலை, 2 தோல்வியுடன் 41 புள்ளிகள். போர்த்தோ அடித்தவை 81, வாங்கியவை 22, வித்தியாசம் 59. பென்பிக்கா அடித்தவை 78, வாங்கியவை 20, வித்தியாசம் 58. ஒரே ஒரு கோலால் வெற்றிமுடி வடக்கே சென்றது.

எனினும் விவகாரம் அத்துடன் ஓயவில்லை. ஆட்டத்தின் நேரத்தைப் பற்றி மத்தியஸ்தர் அளித்த அறிக்கை உண்மைக்கு மாறானதென்று குற்றஞ் சாட்டப்பட்டு, அவர் மத்தியஸ்தர் பணியிலிருந்து விலக்கப்பட்டார். அவர் ஆட்டத்தை விலைபேசினார் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. தண்டனை அறிக்கையைப் பற்றியதே. வடபுலத்தாருக்கு அவர் பெயர் தலைநகரின் அநீதிக்கு மறுபெயராயிற்று. பென்பிக்காவின் அன்பர்களோ, வென்றது போர்த்தோதானே, பின்னர் முறைப்பாடு எதற்கு என்று வினவினர். இரு தரப்பு வாதங்களும் தலைமுறைகளைக் கடந்து நிலைத்துவிட்டன.

வெற்றியைத் தேடித் தந்த குட்மன் போர்த்தோவிலே தங்கவில்லை. அடுத்த பருவத்திலேயே பென்பிக்காவுக்குச் சென்றார். 1961 இல் பார்சலோனாவையும் 1962 இல் ரியல் மாட்ரிட்டையும் வென்று, அக்கழகம் ஐரோப்பியக் கிண்ணத்தை இருமுறை கைப்பற்றியது அவர் பயிற்சியிலேதான். போர்த்தோவோ அடுத்த தேசிய வெற்றிக்குப் பத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்தது. 1978 இல் அந்த வரட்சியைத் தீர்த்த பயிற்றுநர் ஜோசே மரியா பெட்ரோட்டோ. 1959 இல் போர்த்தோ அணியின் வீரராக இருந்தவர்.

அன்று டோரஸ் வேட்ராஸில் காத்து நின்றோர் அஞ்சியது பென்பிக்காவின் ஆற்றலை மட்டுமன்று. தாம் காணாத ஒரு கடிகாரத்தையுமே. தோல்வியை மனிதர் தாங்கிக்கொள்வர். அளவுகோல் பொய்த்ததென்ற ஐயத்தை, வெற்றி பெற்றவராலும் மறக்க இயலாது.