கருப்பைவாய்ப் புற்றுநோய்: பத்தாண்டு அவகாசமும் ஒரு நாள் கூலியும்

கருப்பைவாய்ப் புற்றுநோய் திடீரென வருவதில்லை. எச்.பி.வி. வைரஸ் தொற்று நீங்காமல் நிலைத்துவிடும் பெண்களுக்குக் கருப்பைவாய்ச் செல்கள் மெல்ல இயல்பு மாறுகின்றன. அவை புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் அச்செல்களை அழித்துவிட்டால் நோயைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். பாலுறவில் ஈடுபடும் பெரும்பாலோருக்கு இத்தொற்று ஒருமுறையேனும் ஏற்பட்டுத் தானே நீங்குகிறது; இதில் பெண்ணின் ஒழுக்கத்தைத் தேடுவது அறியாமை.

சான்று தமிழகத்திலேயே உள்ளது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்கள் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். பயிற்சி பெற்ற செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவினர். ஒரு நிமிடத்தில் மாறிய பகுதி வெளுத்துத் தெரியும். தேவைப்பட்டோருக்கு அப்பகுதியை உறையவைத்து அழிக்கும் சிகிச்சை அளிக்கப்பட்டது. 2007இல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவின்படி, நோய் 25 விழுக்காடும் அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்ட 30,958 பெண்களுக்கு இச்சோதனை தரப்படவில்லை. அது அறமா என்று பின்னர் எழுந்த கேள்வி நியாயமானது.

அவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற அறிவு பெரம்பலூர், அரியலூர்க் காலனிகளை எட்ட வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மக்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினரும் அரியலூரில் 23 விழுக்காட்டினரும் பட்டியல் சாதியினர். பருத்தி, மக்காச்சோளக் காடுகளில் கூலிக்குச் செல்லும் பெண்ணுக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதனை செய்துகொள்வதே ஒரு நாள் கூலி இழப்பு. வெளுப்புத் தெரிந்தால் மேல்சோதனைக்குப் பெரிய மருத்துவமனை, பிறகு சிகிச்சைக்கு மற்றொரு நாள். இந்த அலைச்சலில் பாதியில் நின்றுவிடுபவரை 'விழிப்புணர்வு இல்லாதவர்' என்பது எளிது.

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் இச்சோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டோர் பத்தில் ஒருவர் மட்டுமே. 14 வயதுச் சிறுமியருக்கான தடுப்பூசித் திட்டத்தை 2025 நிதிநிலை அறிக்கை அறிவித்தது, வரவேற்போம். ஆனால் அச்சிறுமியரின் தாய்மாரை அது காக்காது.

சோதித்த அன்றே சிகிச்சை தருவது இயலாத காரியமன்று. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டுதல் வெளியிட்ட வெப்பச் சிகிச்சைக் கருவி கையடக்கமானது. எரிவாயு உருளை வேண்டாம், சில நிமிடங்களில் முடியும். மாற்றம் கருப்பைவாயின் உட்குழாய்க்குள் பரவியிருந்தாலோ புற்று என ஐயம் இருந்தாலோ மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

எத்தனை பேருக்குச் சோதனை நடந்தது என்ற எண்ணிக்கையோடு கிராம சபைகள் நின்றுவிடக் கூடாது. வெளுப்புத் தெரிந்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சையை முடித்தனர் என்று, பெயர்களைக் கேட்காமல், ஊருக்கும் காலனிக்கும் தனித்தனியே கணக்குக் கேட்க வேண்டும்.