கானோ ஒதுக்கியதை எடுத்துக்கொண்ட போலீஸ்காரர்

"கமாண்டோக்கள் என்னப்பா ஸ்டைல் கத்துக்கறாங்க? கராத்தேவா, குங்ஃபூவா?"

கராத்தே கிளாஸ் போகும் என் பையன் கேட்டது. ஏதோ ஒரு பெயரைச் சொல்லி முடித்திருக்கலாம். தேட ஆரம்பித்தேன், ஷாங்காயில் போய் நின்றேன்.

வில்லியம் ஃபேர்பேர்ன் 1885-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். ராயல் மரைன் படையில் இருந்துவிட்டு 1907-இல் ஷாங்காய் முனிசிபல் போலீஸில் சேர்ந்தார். வெளிநாட்டவர் நிர்வகித்த குடியிருப்புக்கான போலீஸ் அது. ஆங்கிலேயர், சீனர், பஞ்சாபிலிருந்து போன சீக்கியர் என்று கலவையான படை. அபின், ஆள்கடத்தல், துப்பாக்கிச் சண்டை எல்லாம் அன்றாடம். அங்கே ஜுஜுட்சு கற்றார். டோக்கியோவின் கோடோகான் ஜூடோ பள்ளியில் கறுப்புப் பட்டையும் வாங்கினார். 1926-இல் தன் முறையை 'டிஃபெண்டு' என்ற பெயரில் புத்தகமாகப் போட்டார்.

இங்கே கோடோகான் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். 1882-இல் அதைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, பழைய ஜுஜுட்சுவில் இருந்த ஆபத்தான அடிகளை நேரடிப் பயிற்சி ஆட்டத்திலிருந்து விலக்கினார். கானோவின் கணக்கு எளிமையானது. ஆளைக் கொல்லக்கூடிய அடியை நண்பன் மேல் முழு வேகத்தில் பழக முடியாது. அதை ஒதுக்கிவிட்டால் தினமும் முழு பலத்தோடு மோதிப் பழகலாம்.

அந்தப் பள்ளியின் மாணவரான ஃபேர்பேர்ன் செய்தது நேர் எதிர்.

1940-இல் அவர் இங்கிலாந்து திரும்பியபோது வயது 55. ஷாங்காய் நண்பர் எரிக் சைக்ஸும் கூட வந்தார். ஸ்காட்லாந்தின் லோகைலார்ட்டில் கமாண்டோக்களுக்குப் பயிற்சி தரும் வேலை. இருவர் பெயரையும் தாங்கிய கமாண்டோ கத்தி இன்றும் பிரபலம். ஆனால் என்னை இழுத்தது கத்தி இல்லை, அவர்கள் வெட்டி எறிந்த பாடத்திட்டம்தான்.

ஜூடோவில் தேர வருஷக்கணக்காகும். கமாண்டோவுக்குக் கிடைப்பதோ சில வாரங்கள். பயத்தில் நெஞ்சு படபடக்கும்போது விரல் நுணுக்கமாக வேலை செய்யாது, சிக்கலான பிடி எதுவும் நினைவுக்கு வராது. அதனால் கைவிளிம்பால் வெட்டு, உள்ளங்கை அடிப்பாகத்தால் தாடைக்குக் கீழிருந்து குத்து, முழங்கால், பூட்ஸ் என்று கொஞ்சத்தை மட்டும் வைத்துக்கொண்டார். கானோ ஆபத்து என்று ஒதுக்கிய சரக்குதான் பெரும்பாலும். எங்கள் துறையில் ஃபீச்சர்களைக் குறைப்பது மாதிரி என்று முதலில் ரசித்தேன். ஆனால் கானோவின் பிரச்சினை அப்படியே இருந்தது: இந்த அடிகளை உயிருள்ள ஆள் மேல் முழுசாகப் பழகவே முடியாது.

இன்னொரு பிரச்சினை பல வருஷம் கழித்து வெளிப்பட்டது. 1989-இல் அமெரிக்க மரைன் படை 'லைன்' என்ற முறையை ஏற்றது. இருட்டில், சோர்வில், முழுச் சுமையோடு இருந்தாலும் செய்ய முடிவதாக, எதிரியைக் கொல்வதாக இருக்க வேண்டும் என்பதே அதன் வடிவமைப்பு. ஆனால் அமைதி காக்கப் போன இடத்தில் ஒருவன் சட்டையைப் பிடித்துத் தள்ளினால் என்ன செய்வது? அவனைக் கொல்ல முடியுமா? கற்றுக்கொடுத்ததில் நடுவழியே இல்லை. 2000-களின் தொடக்கத்தில் அதன் இடத்துக்கு வந்த புதிய திட்டத்தில் மடக்கிப் பிடிப்பது, நிலைமைக்கேற்ப பலத்தைக் கூட்டுவது எல்லாம் சேர்ந்தன. நேரடி மல்லுக்கட்டும் உண்டு, ஐந்து நிறப் பட்டைகளும் உண்டு. நல்லொழுக்கமும் பாடத்தில் ஒரு பகுதி. கானோ பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டார்!

வேடிக்கை என்னவென்றால், இந்தத் தேவை ஃபேர்பேர்னுக்கே தெரியும். 1925 மே 30 அன்று ஷாங்காய் நான்கிங் சாலையில் அவருடைய போலீஸ் படை ஆர்ப்பாட்டக்காரர்களைச் சுட்டுப் பலர் செத்தார்கள். அதன் பிறகு கலவரத் தடுப்புப் பிரிவைப் பழக்கும் பொறுப்பு அவரிடம்தான் வந்தது. பதினைந்து வருஷம் கழித்து நாடே ஆபத்தில் இருந்தபோது அவரிடம் கேட்கப்பட்டது வேறு.

பையனிடம் கடைசியில் இதைத்தான் சொன்னேன்: "ஸ்டைல் பேர் முக்கியமில்லடா. எத விட்டாங்க, ஏன் விட்டாங்கன்னு பாரு."

"அப்போ எங்க மாஸ்டர் எத விட்டிருக்கார்?" என்றான். அவரிடமே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.