கோவிந்தா வழக்கில் இறந்தவள்

குற்றவியல் சட்டம் பயின்ற மாணவர் எவரும் கோவிந்தா வழக்கை அறியாதிருக்க முடியாது. கொலைக்கும் கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க, 1876ஆம் ஆண்டின் இந்தப் பம்பாய் உயர்நீதிமன்றத் தீர்ப்பே இன்றும் பாடநூல்களில் முதலில் நிற்கிறது. ஆனால் அது ஒரு கணவன் மனைவியை அடித்துக் கொன்ற வழக்கு என்பது விடைத்தாள்களில் அரிதாகவே இடம்பெறுகிறது.

கணவனுக்கு வயது 18, மனைவிக்கு 15. அவளைக் கீழே தள்ளி, மார்பில் ஒரு முழங்காலை ஊன்றி, முகத்தில் இரண்டு மூன்று முறை முட்டியால் ஓங்கிக் குத்தினான். மூளையில் இரத்தம் கசிந்து அவள் இறந்தாள். செஷன்ஸ் நீதிமன்றம் இதைக் கொலை என்றது. உயர்நீதிமன்ற நீதிபதிகள் இருவர் கருத்து வேறுபட்டதால் வழக்கு நீதிபதி மெல்வில்லிடம் சென்றது. மரணம் நேரக்கூடும் என்ற அளவிலான அபாயம் வேறு, மரணம் நேருவதே இயல்பு என்ற அளவிலான அபாயம் வேறு என்று அவர் பிரித்தார். வாள்வெட்டு இரண்டாம் வகை, கைக்குத்து முதல் வகை. எனவே இது கொலையன்று. தண்டனை ஏழாண்டுத் தீவாந்தரம்.

கொலைக்கு மரண தண்டனை அல்லது ஆயுட்காலத் தீவாந்தரம் மட்டுமே இருந்த காலத்தில் இது நிதானமான தர்க்கம்தான். எனினும் இந்தத் தராசு ஆயுதத்தையும் அடிபட்ட இடத்தையுமே நிறுக்கிறது. வீட்டுக்குள் நிகழும் வன்முறைக்குப் பெரும்பாலும் வாள் வேண்டியதில்லை. கையும் காலும் போதும். முன்பு எத்தனை முறை அடித்தான், அவளால் தப்பியோட இயன்றதா என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை.

வீட்டு வன்முறையைத் தொடர்ச்சியாகக் காணும் பார்வை தண்டனைச் சட்டத்தில் நுழைய 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு வந்த 498ஏ பிரிவு கொடுமைக்கு மூன்றாண்டு வரை சிறை விதித்தது. 1986இல் வந்த 304பி, வரதட்சணை மரணத்துக்குக் குறைந்தபட்சம் ஏழாண்டு என்றது. கோவிந்தா பெற்ற அதே ஏழு! ஆனால் இப்பிரிவு பொருந்த, திருமணமாகி ஏழாண்டுக்குள் மரணம் நிகழ்ந்திருக்க வேண்டும். இறப்பதற்குச் சற்று முன்பு வரதட்சணை கேட்டுத் துன்புறுத்தியதும் மெய்ப்பிக்கப்பட வேண்டும். சோறு ஆறியதற்காகவோ சந்தேகத்தினாலோ அடிபட்டு இறந்தவளின் வழக்கு பழைய தராசுக்கே திரும்புகிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு எண்கள் மாறின. 100, 101ஆம் பிரிவுகளில் அந்தப் பழைய வேறுபாடு அப்படியே தொடர்கிறது.

அந்த 15 வயதுப் பெண்ணின் பெயரால் வழக்கு அறியப்படவில்லை.