கையை விட்டுப் போகாத சொல்

பள்ளிக்கூட நாட்களிலே ஒரு மொழிபெயர்ப்புப் பாடத்தில் நான் விட்ட பிழையிலிருந்து இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன். தலைவர் ஒருவர் தேர்தலிலே வாக்களித்தார் என்பதுதான் வாக்கியம். அதிலே ‘காஸ்ற்’ என்றொரு ஆங்கில வினைச்சொல் வந்தது. என் சிறிய அகராதி ‘எறிதல்’ என்றது. “தலைவர் தமது வாக்கை வீசி எறிந்தார்” என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வகுப்பே சிரித்தது. வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. “வோட்டுப் போடுகிறோம், கணக்குப் போடுகிறோம், வலை போடுகிறோம், நாடகமும் போடுகிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே ‘போடு’ தானே? ஆங்கிலேயருக்கு அது ‘காஸ்ற்’” என்றார். அன்றிலிருந்து அந்தச் சொல்லின் பின்னால் நான் போய்க்கொண்டிருக்கிறேன்.

அது ஆங்கிலேயரின் முதுசொம் அல்ல. கி.பி. 793இல் லின்டிஸ்பார்ண் தீவின் மடம் வைக்கிங்குகளால் கொள்ளையிடப்பட்டது. அடுத்த நூற்றாண்டிலே அவர்களிற் பலர் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறி, நிலத்தை உழுது வாழத் தொடங்கினர். அயல்வீட்டாரான பின் சொற்களும் வேலி தாண்டின. கத்தி, முட்டை, ஏன், ‘அவர்கள்’ என்பதற்கான ஆங்கிலச் சொற்கள் கூட அவர்கள் தந்தவையே. அவர்களுடைய ‘கஸ்தா’ தான் ‘காஸ்ற்’ ஆயிற்று.

எறிதலுக்கு அதற்கு முன் ஆங்கிலத்தில் இருந்த சொல் ‘வெயோர்பன்’. புதிய சொல் வந்து அதைத் தள்ளிவிட்டது. ஆனால் அது சாகவில்லை. நெசவாளரிடம் போய் ஒதுங்கியது. தறியிலே நெடுக்காக ஓடும் பாவு நூலை ஆங்கிலத்தில் ‘வார்ப்’ என்பார்கள். அந்தப் பழைய சொல்லின் மிச்சம் அது.

பின்னொரு காலத்திலே ‘காஸ்ற்’றுக்கும் அதே கதி நேர்ந்தது. ‘த்ரோ’ என்ற சொல் வந்து அதன் இடத்தைப் பிடித்தது. ‘த்ரோ’வின் ஆதிப்பொருள் எறிதல் அல்ல, முறுக்குதல், சுழற்றுதல். ஆங்கிலக் குயவர் சக்கரத்திலே பானை வனைவதை இன்றும் ‘த்ரோ’ என்றே சொல்கிறார். ஊர் மறந்த பழைய பொருளை அவருடைய கை மறக்கவில்லை.

அன்றாடப் பேச்சிலே இடமிழந்த ‘காஸ்ற்’ எங்கே பிழைத்தது? மீனவரின் வலையிலே பிழைத்தது. இரும்பு வார்ப்பவரின் உலையிலே பிழைத்தது. 1709இல் ஆபிரகாம் டார்பி கற்கரியைக் கொண்டு இரும்பை உருக்கினார். 1779இல் செவேர்ண் ஆற்றுக்குக் குறுக்கே வார்ப்பிரும்புப் பாலம் எழுந்தது. 1859இல் ஒரு பெரும்புயல் ‘றோயல் சார்ட்டர்’ கப்பலை நூற்றுக்கணக்கான உயிர்களோடு விழுங்கியது. கப்பற்றலைவர் றொபேட் பிற்ஸ்ரோய் கடலோரங்களுக்குத் தந்திவழிப் புயலெச்சரிக்கை அனுப்ப ஏற்பாடு செய்தார். 1861இல் அவருடைய வானிலை முன்னறிவிப்புகள் பத்திரிகையில் வெளிவந்தன. அவற்றுக்கு அவர் ‘போர்காஸ்ற்’ என்று பெயரிட்டார். கணக்குப் போடுதல் என்ற பழம்பொருள் அதிலே ஒட்டியிருக்கிறது. அது சோதிடம் அல்ல, கணிப்பு என்று உணர்த்தவே அவர் அந்தச் சொல்லைத் தேர்ந்தார்.

உழவரும் ஒரு சொல்லைக் காத்து வைத்திருந்தார். விதையைக் கையால் அள்ளி அகல வீசுவதற்கு ‘புரோட்காஸ்ற்’ என்று பெயர். ஜெத்ரோ டல் 1701இல் வரிசையாக விதைக்கும் இயந்திரத்தை அமைத்தார். அத்தகைய இயந்திரங்கள் பரவப் பரவக் கைவிதைப்பு அருகியது. சொல்லோ காத்திருந்தது. 1920களிலே குரலைக் காற்றில் தூவும் கருவி வந்தபோது, வயலிலிருந்து அது வானொலிக்கு ஏறியது. கொழும்பிலே 1925 டிசம்பரில் ஒலிபரப்புத் தொடங்கியது. ‘பரப்பு’ என்ற நம்முடைய சொல்லிலும் அந்த விதைகாரரின் கைவீச்சு இருக்கிறது அல்லவா?

சொல்லைக் காப்பது அகராதி மாத்திரமல்ல, தொழில் செய்யும் கையும்தான் என்பதே நான் கண்டது. கை ஓய்ந்தால் என்னவாகும் என்பதையும் நான் கண்டிருக்கிறேன். போர்க்காலத்திலே எங்கள் பக்கத்துக் கடல் மூடப்பட்டது. பெரியப்பாவின் வீச்சு வலை வளையிலே தொங்கியபடியே இற்றுப்போயிற்று. அவருடைய பேரப்பிள்ளைகள் வலையின் உறுப்புகளுக்குப் பெயர் தெரியாமலே வளர்ந்தார்கள். 2009இல் போர் முடிந்தபின் ஒருநாள் புதுவலை வாங்கி வந்தார். “எப்படியப்பு வீசுறது?” என்று கேட்டான் மூத்த பேரன்.

பெரியப்பா விளக்கம் சொல்லவில்லை. வலையைத் தோளில் மடித்துப் போட்டு, இடுப்பை ஒருமுறை சுழற்றி, கையை விட்டார். வலை வட்டமாக விரிந்து தண்ணீரில் விழுந்தது.

“இப்படி” என்றார்.