சாக்கெட் வந்த வரலாறு

வீட்டிலேயே ஆம்ப்ளிபயர் அமைப்போர் வாங்கும் உறுப்புகளுள் மிக எளியது சாக்கெட். அது ஒலியைப் பெருக்குவதில்லை. வேறோர் உறுப்பின் கால்களைத் தாங்கி நிற்பதே அதன் பணி. எனினும் அது தோன்றிய காரணம் அறியத்தக்கது.

1904-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிளெமிங் என்பார் முதல் வானொலி வால்வை அமைத்தார். 1906-இல் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் அதனுள் மூன்றாவது மின்வாயைச் சேர்த்தார். வால்வினுள் ஓர் இழை செந்நிறமாகக் காய்கிறது. காயும் இழைக்கு ஆயுள் குறைவு. வால்வு பழுதுறும்போதெல்லாம் கம்பிகளை அறுத்து இணைப்பது எளிதோ? ஆகவே, மின்விளக்குக்கு அமைந்ததுபோல் வால்வுக்கும் சாக்கெட் அமைந்தது. 1935-இல் அமெரிக்காவில் எட்டுக்கால் ‘ஆக்டல்’ அமைப்பு வந்தது. அதன் நடுமுளையில் ஒரு புடைப்பு உண்டு. ஆதலின் வால்வை மாற்றிச் செருக இயலாது. 1947-இல் ‘ஒயர்லெஸ் வேர்ல்டு’ என்னும் ஆங்கில இதழில் வில்லியம்சன் வெளியிட்ட புகழ்பெற்ற ஆம்ப்ளிபயரும் இத்தகைய வால்வுகளைக் கொண்டதே. அதனை வீட்டில் அமைத்து மகிழ்ந்தோர் பலர்.

அதே 1947-இன் இறுதியில் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1960-களில், இரு வரிசைக் கால்களையுடைய ஐ.சி. வந்தது. இவற்றில் காயும் இழை இல்லை, பழுதும் அரிது. எனவே தொழிற்சாலைகள் செலவைக் கருதிச் சாக்கெட்டை நீக்கி, உறுப்புகளைப் பலகையிலேயே ஈயத்தால் பற்றவைத்தன. சாக்கெட்டின் தொடுமுனைகள் நாளடைவில் களிம்பேறித் தளர்வதும் உண்மையே.

எனினும் கைத்தொழிலாக அமைப்போர் சாக்கெட்டைக் கைவிடவில்லை. பற்றவைத்த எட்டுக் கால்களைப் பெயர்க்க முயன்றால், பலகையிலுள்ள மெல்லிய செப்புக் கோடும் உடன் பெயரும். ஓர் உறுப்பின் பழுது பலகையின் அழிவாகிவிடும்.

சாக்கெட்டைப் பொருத்துவதற்கும் ஒரு முறை உண்டு. அதன் முனையிலுள்ள வெட்டு, பலகையில் அச்சிட்ட குறியோடு ஒத்திருத்தல் வேண்டும். முதலில் எதிரெதிர் மூலைகளிலுள்ள இரு கால்களை மட்டும் பற்றவைத்து, அது படிந்து நிற்கிறதா எனக் காண்க. சாய்ந்திருந்தால் ஒரு பற்றை இளக்கித் திருத்தலாம். எல்லாக் கால்களையும் பற்றவைத்தபின் அது அரிது. ஐ.சி.யைச் செருகுமுன், மின்சாரத்தைச் செலுத்தி, வெறுஞ் சாக்கெட்டில் வோல்ட் அளவைப் பார்த்தல் வேண்டும். அளவு தவறாயினும் ஐ.சி. தப்பும். மின்சாரத்தை நிறுத்திய பின்னரே அதனைச் செருகுதல் முறை.

இன்றைய கருவிகள் பலவற்றில் சிறு உறுப்பொன்று கெட்டால் பலகை முழுவதையும் எறிகிறோம். தம் கருவியைத் தாமே செப்பனிடும் உரிமையைக் காக்க விரும்புவோர்க்கு, இச்சிறு சாக்கெட்டுக்காகும் செலவு வீண் செலவன்று.