குளியலறை டைல்ஸ் மாற்றப் போகிறீர்களா? ஆளைத் தேர்ந்தெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சனிக்கிழமை காலை. கதவு தட்டும் சத்தம். வெளியே கீழ்வீட்டு ஆன்ட்டி நிற்கிறார். கைபேசியில் ஒரு படத்தைக் காட்டுகிறார். அவருடைய குளியலறைக் கூரையில் பழுப்பு நிறத்தில் பெரிய கறை. ஓரத்தில் தண்ணீர் சொட்டுகிறது.

நீங்கள் டைல்ஸ் மாற்றி நான்கு மாதம்தான் ஆகிறது. உங்கள் குளியலறை பார்க்க அவ்வளவு அழகாக இருக்கிறது. அப்புறம் எங்கே தப்பு நடந்தது?

பெரும்பாலும் டைல்ஸுக்கு அடியில்தான். அதனால்தான் டைல்ஸ் போடுபவரைத் தேர்ந்தெடுப்பது மற்ற வேலைகளைப் போல் இல்லை. பெயின்ட் சரியில்லை என்றால் கண்ணுக்குத் தெரியும், மறுபடி அடித்துக்கொள்ளலாம். குளியலறையில் முக்கியமான வேலை முடிந்ததுமே மூடப்பட்டுவிடும். தப்பு தெரியவரும்போது பணம் கைமாறியிருக்கும், டைல்ஸை உடைப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

முதன்முறையாக வீடு வாங்கியிருக்கிறீர்களா? அல்லது அம்மா அப்பாவின் பழைய வீவக வீட்டைப் புதுப்பிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா? நம்பகமான ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போம்.

டைல்ஸுக்கு அடியில் என்ன இருக்கிறது?

பலர் நினைப்பதுபோல் டைல்ஸோ, இடையில் பூசும் கிரவுட்டோ தண்ணீரை முழுமையாகத் தடுப்பதில்லை. சாதாரண சிமெண்ட் கிரவுட் வழியாக ஈரம் மெல்ல உள்ளே இறங்கும். அதைத் தடுப்பது கான்கிரீட் தளத்தின் மேல் பூசப்படும் வாட்டர்புரூஃபிங் படலம். அது தரையோடு நின்றுவிடக் கூடாது. சுவரிலும் மேலேறிச் செல்ல வேண்டும். குழாய் வெளிவரும் இடம், தண்ணீர் வெளியேறும் ஃப்ளோர் டிராப், வாசல் திட்டு ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் கசியும் இடங்கள்.

பழைய டைல்ஸை உடைத்தெடுக்கும்போது, அதாவது ஹேக்கிங் செய்யும்போது, பழைய படலமும் கிழிந்துவிடும். ஆகவே ஹேக்கிங் செய்தால் புதிய வாட்டர்புரூஃபிங் கட்டாயம் வேண்டும்.

"உடைக்கவே வேணாம், பழைய டைல்ஸ் மேலேயே ஒட்டிடலாம்" என்று சிலர் சொல்வார்கள். இது தவறான முறை அல்ல. செலவு குறையும், தூசியும் சத்தமும் குறையும். ஆனால் ஏற்கெனவே கசிவு இருந்தால் அது அப்படியே இருக்கும். தரை உயர்வதால் கதவு இடிக்கலாம், வாசல் திட்டின் உயரமும் குறையும். வீவக வீடுகளில் தரைப்பூச்சும் அதன் அடியிலுள்ள சிமெண்ட் அடுக்கும் சேர்ந்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் உண்டு. இதையெல்லாம் அளந்து பார்க்காமல் "ஒட்டிடலாம்" என்று சொல்பவரிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

விதி தெரிந்தவரா? இரண்டே கேள்விகள்

வீவக வீட்டுக் குளியலறையில் தரை, சுவர் டைல்ஸை அகற்றி மாற்ற வீவகவின் அனுமதி தேவை. வீவகவின் புதுப்பிப்புக் குத்தகையாளர் பட்டியலில் உள்ள நிறுவனம்தான் அந்த வேலையைச் செய்ய முடியும். அனுமதிக்கு விண்ணப்பிப்பதும் அவர்கள்தான். பட்டியலை வீவக இணையத்தளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். ஆனால் பட்டியலில் பெயர் இருப்பது வேலைத் தரத்துக்கான உத்தரவாதம் அல்ல. அது முதல் படி மட்டுமே.

அடுத்த படியாக, தெரியாதவர்போல் இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: "எங்க வீடு புது பிடிஓ, சாவி வாங்கி ஒரு வருஷம்தான் ஆகுது. பாத்ரூம் டைல்ஸை உடைச்சு மாத்தலாமா?"

சரியான பதில்: முடியாது. புளோக் கட்டி முடிக்கப்பட்ட நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குக் குளியலறையின் தரை, சுவர் டைல்ஸை அகற்ற அனுமதி இல்லை. உள்ளே இருக்கும் வாட்டர்புரூஃபிங்கைக் காப்பாற்றத்தான் அந்த விதி.

இரண்டு: "நான் வேலைக்குப் போறவன். சனிக்கிழமை வந்து உடைச்சுத் தர முடியுமா?"

இதற்கும் முடியாது என்பதுதான் பதில். டைல்ஸை உடைப்பது, வெட்டுவது போன்ற சத்தமான வேலைகளை வார நாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரைதான் செய்யலாம். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் கூடாது. தீபாவளி போன்ற முக்கியப் பண்டிகைகளின் முதல் நாளும் அப்படித்தான்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கிறேன்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லி அடுத்தவரை அழையுங்கள். எல்லோரும் பார்க்கும் விதியையே மீறத் துணிபவர், யாரும் பார்க்காத படலத்தை ஒழுங்காகப் பூசுவார் என்று எப்படி நம்புவது?

கூட்டுரிமை வீட்டில் இருப்பவர்கள் தங்கள் நிர்வாகக் குழுவின் விதிகளைப் பார்க்க வேண்டும். அங்கே வேலை நேரம், முன்வைப்புத் தொகை எல்லாம் இடத்துக்கு இடம் மாறும்.

"ஞாயித்துக்கிழமை வந்து செஞ்சு தர்றேன் அண்ணே"

நம் சமூகத்தில் இது அடிக்கடி நடப்பது. கோயிலிலோ சாப்பாட்டுக் கடையிலோ பழக்கமான ஒரு தம்பி. கட்டுமானத் துறையில் டைல்ஸ் வேலை செய்பவர். ஊர்க்காரர், நல்ல பிள்ளை, கை சுத்தம். ஓய்வு நாளில் பாதி விலைக்குச் செய்து தருகிறேன் என்கிறார்.

அவர் திறமைசாலியாகவே இருக்கலாம். ஆனால் வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர், அனுமதியில் உள்ள முதலாளியிடம் மட்டுமே வேலை செய்யலாம். தனியாக வேலைக்கு அமர்த்தினால் நீங்களும் சட்டத்தை மீறுகிறீர்கள், அவரும் மீறுகிறார். நீங்கள் மிச்சம் பிடிக்கும் சில நூறு வெள்ளிக்காக அவருடைய வேலையும், ஊரில் அவரை நம்பியிருக்கும் குடும்பமும் ஆபத்தில் விழலாம். அவருக்கு உதவ நினைத்தால், அவருடைய நிறுவனம் வீட்டு வேலைகளை எடுத்துச் செய்கிறதா என்று கேளுங்கள்.

வீட்டுக்கு வரும்போது என்ன கேட்கலாம்?

குறைந்தது மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். வீட்டுக்கு வந்து பார்க்காமல் வாட்ஸ்அப் படத்தை வைத்தே முடிவான விலை சொல்பவரைத் தவிர்ப்பது நல்லது. வருபவரிடம் இவற்றைக் கேளுங்கள்:

- வேலையை நேரடியாகச் செய்யப்போவது யார்? உங்கள் ஆளா, வேறொருவருக்குக் கைமாற்றிவிடுவீர்களா? பிரச்சினை வந்தால் யார் பொறுப்பு? உள்வடிவமைப்பு நிறுவனங்கள் பெரும்பாலும் டைல்ஸ் வேலையை வேறு ஆளிடம்தான் கொடுக்கின்றன. அது தவறில்லை, பொறுப்பு யாருடையது என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.
- எந்த வாட்டர்புரூஃபிங் பொருள், எத்தனை பூச்சு, சுவரில் எவ்வளவு உயரம்?
- தண்ணீர் தேக்கிப் பார்க்கும் சோதனை உண்டா? அப்போது நான் வந்து பார்க்கலாமா?
- குழாயை இடம் மாற்றினால், பியுபி உரிமம் பெற்ற பிளம்பர் வருவாரா?
- மொத்தம் எத்தனை நாள்?

கடைசிக் கேள்வி முக்கியம். உடைப்பது, பூசுவது, காய்வது, சோதிப்பது, ஒட்டுவது, கிரவுட் போடுவது என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் தேவை. "மூணே நாள்ல முடிச்சிடுவேன்" என்றால், இவற்றில் எதை விடப்போகிறீர்கள் என்று கேளுங்கள்.

முன்பு வேலை செய்த வீடுகளின் படங்களைக் காட்டுவார்கள். முடிந்த குளியலறையின் படம் எல்லோரிடமும் இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது வேலை பாதியில் இருக்கும்போது எடுத்த படங்களை. ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு முன் வேலை கொடுத்த ஒருவரிடம் பேச முடியுமா என்றும் கேளுங்கள். கசிவு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடாது.

கொட்டேஷனை எப்படிப் படிப்பது?

"குளியலறை டைல்ஸ் வேலை, மொத்தம் இவ்வளவு" என்று ஒரே வரியில் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். ஹேக்கிங், குப்பையை அகற்றுவது, வாட்டர்புரூஃபிங், சிமெண்ட் அடுக்கு, டைல்ஸ், கூலி, கிரவுட், குழாய் வேலை எல்லாம் தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும். மிகக் குறைந்த விலை சொன்னவரின் தாளில் எந்த வரி இல்லை என்று பாருங்கள். பல நேரம் அது வாட்டர்புரூஃபிங்காகவோ குப்பை அகற்றும் செலவாகவோ இருக்கும்.

டைல்ஸை நீங்களே வாங்கினால், வெட்டும்போது வீணாவதற்காகச் சுமார் 10 விழுக்காடு கூடுதலாக வாங்குங்கள். எல்லாப் பெட்டிகளிலும் ஒரே தயாரிப்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நிறம் லேசாக மாறும். தரைக்கு வழுக்காத வகையாகத் தேர்ந்தெடுங்கள். ஆர் 9 முதல் ஆர் 13 வரையிலான குறியீட்டில் எண் கூடக் கூட வழுக்கல் குறையும்.

ஒரு நிமிடம். அப்பத்தா வழுக்கி விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில்தான் டைல்ஸை மாற்றுகிறீர்களா? வீட்டில் 65 வயதைத் தாண்டிய சிங்கப்பூரர் இருந்தால் வீவகவின் ஈஸ் திட்டத்தைப் பாருங்கள். இருக்கும் டைல்ஸை வழுக்காமல் செய்வது, கைப்பிடி பொருத்துவது போன்றவற்றைச் சலுகை விலையில் செய்து தருகிறார்கள். மாற்றவே தேவையில்லாமல் போகலாம்.

பணத்தை எப்போது கொடுப்பது?

வேலை நடக்க நடக்கப் பகுதி பகுதியாகக் கொடுப்பதே பாதுகாப்பு. முன்பணம் சிறிதாக இருக்கட்டும். அடுத்த தொகை வாட்டர்புரூஃபிங் சோதனை முடிந்த பிறகு. அதற்கடுத்தது டைல்ஸ் ஒட்டிய பிறகு. கடைசித் தொகை, நீங்கள் பார்த்துத் திருப்தி அடைந்த பிறகு. "இன்னைக்கே பாதியக் குடுத்தாத்தான் இந்த விலை" என்று அவசரப்படுத்தினால் ஒதுங்கிவிடுங்கள்.

கேஸ் எனப்படும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் 'கேஸ்டிரஸ்ட்' அங்கீகாரம் பெற்ற புதுப்பிப்பு நிறுவனங்கள், வாடிக்கையாளரின் முன்பணத்துக்குப் பாதுகாப்பு ஏற்பாடு செய்ய வேண்டும். நிறுவனம் திடீரென்று மூடப்பட்டாலும் பணம் முழுதாகப் போய்விடாது. இவர்களின் விலை கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். பெரிய தொகை என்றால் யோசிக்கத் தகுந்தது.

பணத்தை நிறுவனக் கணக்கில் மட்டும் போடுங்கள். அந்த நிறுவனம் உண்மையில் பதிவு செய்யப்பட்டதா என்பதை அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம்.

நீங்கள் கட்டாயம் வீட்டில் இருக்க வேண்டிய நாள்

ஒரே ஒரு நாள்தான் விடுப்பு எடுக்க முடியும் என்றால், வாட்டர்புரூஃபிங் சோதனை நாளில் எடுங்கள். படலம் காய்ந்ததும் ஃப்ளோர் டிராப்பை அடைத்து, தரையில் தண்ணீரைத் தேக்கி, 24 மணி நேரம் விடுவார்கள். தண்ணீர் மட்டத்தைச் சுவரில் கோடு போட்டுக் குறியுங்கள். மறுநாள் அளவு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். கீழ்வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் கூரையையும் பார்க்கச் சொல்லுங்கள். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் மூன்று சோதனைகள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். எங்கும் தேங்காமல் ஃப்ளோர் டிராப்பை நோக்கி ஓட வேண்டும். ஒவ்வொரு டைலையும் நாணயத்தால் தட்டுங்கள். பொள்ளல் சத்தம் வந்தால் அடியில் சிமெண்ட் சரியாகப் பரவவில்லை. டைல்ஸ் சேரும் இடங்களைக் கையால் தடவுங்கள். ஒன்று மேலே ஒன்று கீழே இருக்கக் கூடாது. குறைகளைப் பட்டியலிட்டு எழுத்தில் அனுப்பிய பிறகே கடைசித் தொகை.

தகராறு வந்தால்?

முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சரிசெய்யாவிட்டால் கேஸ் அமைப்பை அணுகலாம். அதுவும் சரிவரவில்லை என்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை கோரலாம். பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது. உங்களுக்காகப் பேசப்போவது நீங்கள் வைத்திருக்கும் ஒப்பந்தம், ரசீது, வாட்ஸ்அப் செய்தி, படங்கள்.

கூரைக் கசிவைப் பொறுத்தவரை, மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்து காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும் என்பது வீவகவின் நிலைப்பாடு. குத்தகையாளர் தொலைபேசியை எடுக்காமல் போகலாம். கீழ்வீட்டு ஆன்ட்டியை நீங்கள் தினமும் மின்தூக்கியில் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆகவே, நம்பகமானவர் யார்? இனிக்கப் பேசுபவரோ, குறைந்த விலை சொல்பவரோ அல்ல. "நாளைக்கு டைல்ஸ் ஒட்டப் போறோம், அதுக்கு முன்னாடி ஒரு தடவ வந்து பாத்துடுங்க" என்று தானாகவே உங்களைக் கூப்பிடுபவர். அப்படி ஒருவர் கிடைத்தால், அவருடைய எண்ணை உங்கள் நண்பர்களுக்கும் கொடுங்கள்.