புதிர்

புதிர் என்றதும் நம் நினைவுக்கு வருவது விடுகதைதான். யாழ்ப்பாணத்து உழவருக்கோ அது புது நெல். புது என்ற அடியில் பிறந்த சொல் இது. அறுவடையின் முதற்கதிரைக் குறிக்கும். புதிர் எடுத்தல், புதிர் உண்ணுதல் என்பன அதையொட்டிய வழக்குகள்.

காலபோக நெல் முற்றும் தை மாதத்தில், பெரும்பாலும் தைப்பூசத்தன்று, புதிர் எடுப்பார்கள். குடும்பத் தலைவர் நீராடி வயலுக்குப் போய், சூரியனை வணங்கி, சில கதிர்களை மட்டும் அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து சுவாமி அறையில் வைப்பார். புத்தரிசி உலையேறும், சோறு முதலில் படையலுக்கு, பிறகுதான் வீட்டாருக்கு. நல்லூர்க் கந்தசுவாமி கோவிலில் இதையே நெற்புதிர் விழாவாகக் கொண்டாடுகிறார்கள்.

புதிருக்கு உறவான சொற்கள் அண்டை மொழிகளிலும் உண்டு. சபரிமலையில் நடக்கும் நிறபுத்தரி, குடகு மக்களின் புத்தரி ஆகிய இரண்டிலும் இருப்பது புது + அரி, அதாவது புத்தரிசி. குடகில் கார்த்திகை, மார்கழியை ஒட்டிய பௌர்ணமி இரவில் முதற்கதிரை அறுத்து, ‘பொலி பொலி’ என்று முழங்குவார்கள். நம் களத்துமேட்டிலும் நெற்குவியலுக்குப் பெயர் பொலிதானே! மொழிகள் பிரிந்த பிறகும் வயல் அவற்றைச் சேர்த்தே வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிட அழகான சான்றை நான் கண்டதில்லை.

பொங்கல் எல்லோருக்கும் தெரியும், புதிர் மங்கிவருகிறது. உங்கள் ஊரில் முதற்கதிருக்கு வேறு பெயர் இருந்தால், வயலில் நின்ற பெரியவர்களிடம் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள்.